ஜாய்ஸின் பெட்டியில் கிடந்த கடிதங்கள்

மில்பர்ரா ஊரில் யாருக்காவது மெயில் போகவில்லை, வரவில்லை என்றால் மார்ஷியா பெல்லோட்டியைத்தான் தேடி வருவார்கள். சலவைக் கடைக்கும் தூண்டில் கடைக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடந்தது அவளுடைய கடை. பெயர்ப் பலகை கிடையாது. தேவைப்படவும் இல்லை. சர்க்கரை ஆலை அலுவலகத்தில் பத்தொன்பது வருஷம் இருந்தவள். ஆலைக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தபோது மற்றவர்கள் அதைத் தொடப் பயந்தார்கள். அவள் அதோடு வந்த தடித்த புத்தகத்தை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய் மூன்று வாரத்தில் படித்து முடித்தாள். கணவன் டார்வின் நகரத்துக்கு வேலைக்குப் போய் அங்கேயே இன்னொருத்தியோடு தங்கிவிட்ட வருஷம், ஆலையை விட்டுவிட்டுச் சொந்தமாகக் கடை போட்டாள். இப்போது ஐம்பத்து நான்கு வயது.

மனிதர்கள் சொல்வதை அவள் அவ்வளவாக நம்பமாட்டாள். "நேத்தே அனுப்பிட்டேனே" என்று யாராவது அடித்துச் சொன்னால், "அனுப்புனதா நீ நெனைக்கிறது வேற, அனுப்புனது வேற" என்பாள். சர்வர் எழுதி வைத்திருக்கும் பதிவைத் திறந்து, எந்த நிமிஷம் எந்த இயந்திரம் எதை வாங்கிக்கொண்டது, எதைத் திருப்பி அனுப்பியது என்று பார்த்த பிறகுதான் வாய் திறப்பாள். பெரும்பாலும் அவள் சொல்வதுதான் சரியாக இருக்கும். அந்தப் பெருமை அவளுக்கு உண்டு.

மூன்று வருஷத்துக்கு முன்னால் காரா ஆற்று நீர் வாரியத்தின் பெயரில் யாரோ பொய்க் கடிதங்கள் அனுப்பினார்கள். அவற்றில் இருந்த இணைப்பை அமுக்கிய பதினோரு விவசாயிகளின் கம்ப்யூட்டர்கள் முடங்கிப் போயின. வாரியம் மார்ஷியாவைக் கூப்பிட்டது. அவள் ஒரு விதியை எழுதி உலகத்துக்கே தெரியும்படி வைத்தாள். வாரியத்தின் பெயரில் ஒரு கடிதம் வந்து, அது வாரியத்தின் சொந்த இயந்திரத்திலிருந்து கிளம்பியதாக இல்லாவிட்டால், எந்த சர்வரும் அதை வாங்கக் கூடாது. ஸ்பேம் பெட்டியிலும் போடக் கூடாது. வாசலிலேயே திருப்பிவிட வேண்டும். அதன் பிறகு ஒரு பொய்க் கடிதம்கூட வரவில்லை.

மூன்று வருஷம் கழித்து, பிப்ரவரியில் மழை ஆறு நாளாக விடவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு எட்சோ ரிகோனி கடைக்குள் வந்தார். எழுபத்தொரு வயது. ஆற்று வளைவில் கரும்பு போடுகிறவர். மடிக்கணினி நனையாமலிருக்கக் கோழித் தீவனப் பையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

"இங்க பாரு கண்ணு, டிசம்பர்ல ஒரு பம்பு போச்சு. ஜனவரியில இன்னொண்ணு. ரெண்டு தடவையும் ஆறு திடீர்னு ஏறி அடிச்சிக்கிட்டுப் போயிருச்சு. அணை மதகு தொறந்தா முன்கூட்டியே மெயில் வரும்னு சொன்னானுங்க. எங்க வந்துச்சு?"

"ஸ்பேம் பெட்டியப் பாத்தீங்களா எட்சோ?"

"டிசம்பர்லயும் இதத்தான் கேட்ட. தெனம் பல்லு வெளக்குறதுக்கு முன்னால அதத்தான் பாக்குறேன். எனக்கு அதுல ஆண்மைக்கு மருந்து விக்கிறானுங்க, இந்த வயசுல! வாரியத்துக் கடுதாசி மட்டும் ஒண்ணுகூட இல்ல."

மார்ஷியா சிரித்துவிட்டாள். மடிக்கணினியைத் திறந்து பார்த்தாள். அவர் சொன்னது சரிதான், நவம்பருக்குப் பிறகு வாரியத்திலிருந்து ஒன்றும் இல்லை.

"வாரியம் மெயில் அனுப்புற பட்டியல்ல என் பேரும் இருக்கு" என்றாள். "எனக்கும் நவம்பர்லேர்ந்து ஒண்ணும் வரல. அப்படின்னா அவங்க தொறக்கவே இல்ல. மலையில பேஞ்ச மழை தானா எறங்கியிருக்கும்."

"அப்ப இன்னிக்கி? வயலு முழுக்கத் தண்ணி நிக்குது. கரையில புதுப் பம்பப் போட்டு எறைக்கலேன்னா கரும்பு அழுகிரும்."

"மெயில் வரலேன்னா தொறக்கலேன்னு அர்த்தம். தைரியமாப் போங்க."

எட்சோ மடிக்கணினியைத் திரும்பவும் பைக்குள் சுருட்டிக்கொண்டு மழையில் இறங்கினார். அவர் போன பிறகு இரண்டு பிரிண்டர், ஒரு பள்ளிக்கூட டேப்லெட் என்று வேலை ஓடியது. ஆனால் அவர் சொன்னது செருப்புக்குள் போன கல் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது. பம்பை ஒரு தடவை ஆறு கொண்டுபோனால் சரி. எழுபது வருஷமாக அதே கரையில் இருக்கிற மனிதர் இரண்டு தடவை ஏமாறுவாரா? பன்னிரண்டே முக்காலுக்கு வாரியத்துக்குப் போன் போட்டாள். மேலாளர் வேய்ன் ஹாலம் எடுத்தான்.

"டிசம்பர், ஜனவரியில நீங்க மதகு தொறந்தீங்களா வேய்ன்?"

"தொறந்தோமே. டிசம்பர் பத்தொன்பது, ஜனவரி பதினாலு. ரெண்டு தடவையும் மெயில் போச்சு. நூத்தி நாப்பத்து மூணு பேருக்கும். என் திரையில பச்சை டிக்கு நிக்குது. எனக்கே வந்துச்சே!"

"எனக்கு வரல."

"இப்பப் பாரு, வந்திருக்கும். பன்னெண்டுக்கு மெயில் போச்சு, பன்னெண்டரைக்குத் தொறந்துட்டோம். நாலு மதகும்."

மார்ஷியா தன் அஞ்சல் பெட்டியைப் பார்த்தாள். காலையில் வந்த இரண்டு மெயில்கள்தான் இருந்தன. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு தன் சர்வரின் பதிவைத் திறந்து, வாங்க மறுத்தவற்றின் பட்டியலுக்குப் போனாள். அங்கே இருந்தது. பன்னிரண்டு மணி நான்கு நிமிஷம்: வாரியத்தின் பெயரில், சிட்னியில் இருக்கிற ஏதோ ஒரு இயந்திரத்திலிருந்து வந்த கடிதம், மறுக்கப்பட்டது. பின்னால் போனாள். ஜனவரி பதினான்கு, மறுக்கப்பட்டது. டிசம்பர் பத்தொன்பது, மறுக்கப்பட்டது. மூன்றிலும் ஒரே காரணம் எழுதியிருந்தது: இந்தப் பெயருக்கு உரியவர் மறுக்கச் சொல்லியிருக்கிறார்.

அந்த விதியை எழுதியது அவள். அதைத் தன் கடை சர்வரே ஒழுங்காகக் கடைப்பிடித்திருந்தது.

"எதையும் தொடாத. வர்றேன்" என்று போனை வைத்தாள்.

வாரிய அலுவலகம் நாலு நிமிஷத் தூரம். வேய்ன் நாற்பதைத் தாண்டாதவன், பிரிஸ்பேனிலிருந்து வந்தவன், எதையும் புதிதாக்கிப் பார்க்கிற ஆசை உள்ளவன். தன் திரையை அவள் பக்கம் திருப்பினான். மொத்தமாகக் கடிதம் அனுப்பிக் கொடுக்கிற ஒரு சிட்னி சேவையின் பக்கம் அது. பார்க்க அழகாக இருந்தது.

"எப்பலேர்ந்து இது?"

"நவம்பர். பழைய முறையில ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரம் ஆகும். இதுல ஒரே அமுக்கு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா மூணு வாரம் இழுப்ப மார்ஷியா. உனக்கே தெரியும்."

அவள் பச்சை டிக்கின் மேல் அம்பை வைத்தாள். பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு சொல் வந்தது: அனுப்பப்பட்டது.

"சேர்ந்துச்சுன்னு இது சொல்லல. இங்கேர்ந்து கெளம்புச்சுன்னுதான் சொல்லுது. உன் ஆபீஸ் சர்வர் தன் பேர்ல வந்தத சோதிக்காம வாங்கிருச்சு, அதான் உனக்கு வந்துச்சு. வெளிய போனதுல பெரும்பாலானத ஒவ்வொரு சர்வரும் வாசல்லயே திருப்பியிருக்கும். திரும்புறப்ப ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஓலை வருமே, அது எங்க போகுது?"

அவளே தேடினாள். சேவையில் பதிவு செய்தபோது நிரப்பிய படிவத்தில், திரும்பி வருவது போக வேண்டிய முகவரி என்ற இடத்தில் ஜாய்ஸ் வின்டரின் பெயர் இருந்தது.

ஜாய்ஸ் வாரியத்தில் முப்பது வருஷம் எழுத்தராக இருந்தவள். போன ஆகஸ்டில் இறந்து போனாள். பழைய படிவத்தைப் பார்த்து வேய்ன் அப்படியே நகல் எடுத்திருந்தான். அவளுடைய அஞ்சல் பெட்டியை மூட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

மார்ஷியா அந்தப் பெட்டியைத் திறந்தாள். படிக்காத கடிதங்கள் நானூற்றுப் பன்னிரண்டு. மேலே தேவாலயப் பாட்டுக் குழுவின் அறிவிப்பு ஒன்று, மூக்குக்கண்ணாடிக் கடையின் பிறந்தநாள் வாழ்த்து ஒன்று. அவற்றுக்குக் கீழே ஒரே தலைப்பில், ஒரே வடிவில், திரை திரையாகத் திரும்பி வந்த ஓலைகள். எட்சோ ரிகோனி, சேரவில்லை. பள்ளி வேன் ஓட்டுநர், சேரவில்லை. கேரவன் பூங்கா, சேரவில்லை. மார்ஷியா பெல்லோட்டி, சேரவில்லை. கீழே கீழே உருட்டிக்கொண்டே போனாள். ஜனவரி பதினான்கு, காலை ஐந்து மணி பத்து நிமிஷம் என்ற இடத்தில் விரல் நின்றுவிட்டது.

லெஸ்டர் ஓட்டே, சேரவில்லை.

லெஸ்டர் நண்டு பிடிக்கிறவன். ஜனவரி பதினான்காம் தேதி விடியற்காலையில், அணைக்குச் சற்றுக் கீழே இருக்கிற கீழ்த் தரைப்பாலத்தில் கூண்டுகளை எடுக்கப் போனவனை ஆறு இழுத்துக்கொண்டு போனது. இரண்டு நாள் கழித்துச் சதுப்புக் காட்டில்தான் கிடைத்தான். குடித்துவிட்டுப் பாலத்தில் இறங்கியிருப்பான் என்று ஊர் முழுக்கப் பேசியது. அவன் குடியை நிறுத்தி இரண்டு வருஷமாகிறது என்று அக்கா டெல்மா மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். பழைய லெஸ்டரைத் தெரிந்த யாரும் அதை நம்பவில்லை. மார்ஷியாவும் நம்பவில்லை.

வேய்னும் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டான். நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தான். வெளியே மழை தகரக் கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது.

"இன்னிக்கித் தண்ணி" என்றாள் மார்ஷியா. "வளைவுக்கு எப்பப் போகும்?"

"தொறந்ததுலேர்ந்து மூணரை மணி நேரம். நாலு மணிக்கு."

"மூட முடியுமா?"

"முடியாது. அணை விளிம்பு வரைக்கும் நிக்குது. இப்ப மூடுனா கரை தாங்காது."

விதியைத் திருத்துவதில் பயனில்லை. திருத்தினாலும், பழையதை மனப்பாடம் செய்து வைத்திருக்கிற சர்வர்கள் அதை மறக்க ஒரு நாள் ஆகும். முகவரிகளைச் சிட்னிச் சேவையிலிருந்து இறக்கி, வாரியத்தின் பழைய இயந்திரத்திலிருந்தே அனுப்பினாள். மணி ஒன்று நாற்பது. பதிவைப் பார்த்தாள்: ஏற்கப்பட்டது, ஏற்கப்பட்டது, ஏற்கப்பட்டது. ஐந்து நிமிஷத்தில் பதில்கள் வர ஆரம்பித்தன. என்ன மதகு? எப்போது திறந்தீர்கள்? ஏன் இப்போது சொல்கிறீர்கள்? அலுவலகத்தின் இரண்டு போன்களும் ஒரே நேரத்தில் அடித்தன.

மெயில் எல்லாரையும் சேரும் என்று அவளே இனி நம்பத் தயாராக இல்லை. பட்டியலை அச்செடுத்து வேய்னிடமும் இரண்டு எழுத்தர்களிடமும் பங்கு போட்டாள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். பள்ளி வேன் திரும்பியது. கேரவன் பூங்காவில் வண்டி வீடுகளில் தங்கியிருந்தவர்கள் மேட்டுக்கு ஏறத் தொடங்கினார்கள். எட்சோவின் போன் மட்டும் அடித்து அடித்து நின்றது. ஆற்று வளைவில் சிக்னல் கிடையாது. அவரைத் தைரியமாகப் போகச் சொன்னது அவள்தான்.

"நான் போறேன்" என்று சாவியை எடுத்தாள்.

"ரோட்டுல தண்ணி ஏறியிருக்கும் மார்ஷியா. மீட்புப் படைக்குச் சொல்லியிருக்கேன்."

"அவங்க கேரவன் பார்க்குல இருக்காங்க. நீ போனக் கீழ வைக்காத, கூப்பிட்டுக்கிட்டே இரு."

இருபத்திரண்டு கிலோமீட்டர். இரண்டு இடத்தில் சாலை தண்ணீருக்குள் இருந்தது. ஓரக் கம்பங்களை எண்ணி எண்ணிப் பிக்கப் வண்டியைச் செலுத்தினாள். இரண்டு பக்கமும் கரும்பு ஆள் உயரத்துக்கு மேல் நின்று அசையாமல் நனைந்துகொண்டிருந்தது. வழியில் ஒரு வண்டியும் எதிரே வரவில்லை. எட்சோவின் நிலத்தை அடைந்தபோது மூன்று பத்து.

நிலத்துக்கும் ஆற்றங்கரை மேட்டுக்கும் நடுவில் ஒரு ஓடை உண்டு. மற்ற நாட்களில் காலை எட்டி வைத்தால் தாண்டிவிடலாம். இப்போது அதில் தண்ணீர் முழங்கால் அளவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஆற்றின் திசைக்கு எதிர்த் திசையில் ஓடியது. ஆறு பின்பக்கமாக உள்ளே வருகிறது என்று அர்த்தம். வேய்ன் சொன்ன நாலு மணி வேறு ஏதோ வறண்ட வருஷத்தின் கணக்கு.

அந்தப் பக்கம், மேட்டின் மேல் எட்சோ டிராக்டரில் உட்கார்ந்திருந்தார். பம்பு இறைத்துக்கொண்டிருந்தது. இரண்டு இரைச்சலுக்கும் நடுவில் அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. மார்ஷியா ஹாரனை அழுத்திப் பிடித்தாள். அவர் திரும்பினார், அவளை அடையாளம் கண்டுகொண்டார், கையை உயர்த்தி உற்சாகமாக ஆட்டினார்.

அவள் வண்டியிலிருந்து குதித்து இரண்டு கையாலும் ஓடையைக் காட்டினாள். எட்சோ கீழே பார்த்தார். உடனே இறங்கி வருவார் என்று நினைத்தாள். அவர் பம்பின் சங்கிலியை டிராக்டரில் மாட்டப் போனார்.

"விடுங்க அத! எட்சோ! மதகத் தொறந்துட்டாங்க!"

"புதுப் பம்பு கண்ணு! ஒரு நிமிஷம்!"

"நிமிஷம் இல்ல!"

வளைவின் மேற்புறமிருந்து ஒரு சத்தம் வந்தது. ரயில் வருவது போல் இல்லை. பெரிய கூட்டம் ஒன்று சேர்ந்து முணுமுணுப்பது போல் இருந்தது. எட்சோவும் அதைக் கேட்டார். சங்கிலியைப் போட்டுவிட்டு ஓடைக்குள் இறங்கினார். தண்ணீர் இதற்குள் இடுப்புக்கு வந்திருந்தது. பாதியில் இடுப்பு எலும்பு தகராறு செய்து தடுமாறினார். மார்ஷியா வண்டியின் இழுவைப் பட்டையைப் பின் கொக்கியில் மாட்டி, மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டு மார்பளவு இறங்கி அவர் சட்டைக் காலரைப் பிடித்தாள். பிடித்தவள் விடவில்லை. மிதந்து வந்த மரக்கிளை ஒன்று அவர் விலாவில் மோதியது. எப்படிக் கரையேறினார்கள் என்று இருவருக்கும் பின்னால் சொல்லத் தெரியவில்லை. வண்டியில் ஏறி நூறு அடி மேலே போய்த் திரும்பிப் பார்த்தபோது டிராக்டரின் புகைக்குழாய் மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை.

எட்சோ விலாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் மூச்சு வாங்கினார்.

"தொறக்கலேன்னு சொன்னியே" என்றார்.

"ஆமா. சொன்னேன்."

அவரை நேராக ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனாள்.

அன்று யாரும் சாகவில்லை. அடுத்த வாரம் வேய்ன் கடைக்கு வந்தான். இரண்டு மூன்று நாள் தூங்காத முகம். கதவைச் சாத்திவிட்டு நின்றபடியே பேசினான்.

"போன செவ்வாய்க்கெழம வெள்ளத்தப் பத்தி அறிக்கை கேட்டிருக்காங்க. எல்லாத்தயும் எழுதப் போறேன். ஜனவரியப் பத்தி யாரும் கேக்கல."

மார்ஷியா கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தாள்.

"அந்த விதி உன்னோடது மார்ஷியா. உன் பேரும் வரும். யோசிச்சுக்க. ஜாய்ஸோட பெட்டிய இப்ப மூடிறலாம். அவதான் போயிட்டாளே."

அவன் மிரட்டவில்லை. பயந்திருந்தான். அவள் பொறுமையாகவே பதில் சொன்னாள். "மூடிக்க. நான் அன்னிக்கே நகல் எடுத்துட்டேன்."

அன்று மாலை அவள் டெல்மா ஓட்டேயின் வீட்டுக்குப் போனாள். டெல்மா மீன் பதப்படுத்தும் கூடத்தில் வேலை முடித்து வந்து, ரப்பர் காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். உள்ளே வரச் சொல்லவில்லை. மார்ஷியா வாசலில் நின்றபடியே சொன்னாள். சிட்னிச் சேவை, ஜாய்ஸின் பெட்டி, தன்னுடைய விதி, எதையும் விடாமல் சொன்னாள். டெல்மா அவள் கையிலிருந்த தாளைப் பார்த்தாள்.

"அதுல என்ன எழுதியிருந்துச்சு? படி."

மார்ஷியா தாளைப் பிரித்துப் படித்தாள். "காலை ஆறு மணிக்கு இரண்டு மதகுகள் திறக்கப்படும். கீழ்த் தரைப்பாலத்தை யாரும் பயன்படுத்த வேண்டாம்."

"அஞ்சே முக்காலுக்கு வீட்டுலதான் இருந்தான். டீ போட்டுக் குடுத்தேன். போனப் பாத்துட்டு, ஒண்ணும் வரலக்கா, போயிட்டு வந்துர்றேன்னான்." டெல்மா இரண்டு காலணியையும் ஜோடியாகச் சுவரோரம் வைத்தாள். "எழவு வீட்டுல அவன் குடிக்கலன்னு நான் சொன்னப்ப, நீ தலைய ஆட்டிக்கிட்டு நின்ன. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"நம்பலேல்ல?"

"நம்பல."

"மன்னிச்சிருன்னு சொல்ல வந்தியா?"

"சொல்லத்தான் வந்தேன்."

"அது எனக்கு வேணாம். எழுதிக் குடு. எங்க குடுக்கணுமோ அங்க குடு. அவன் குடிகாரன் இல்லேன்னு காகிதத்துல வரணும்."

மார்ஷியா எழுதிக் கொடுத்தாள். மரண விசாரணை திரும்பத் திறக்கப்பட்டது. டவுன்ஸ்வில் நகர நீதிமன்றத்தில் இரண்டு நாள் சாட்சி சொன்னாள். அந்த விதியை எழுதியது யார் என்று வழக்கறிஞர் கேட்டார், நான் என்றாள். ஒருவர் வந்து கடிதம் வரவில்லை என்று சொன்னபோது நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்டார். ஸ்பேம் பெட்டியைப் பார்க்கச் சொன்னேன், இரண்டாவது தடவை வந்தபோது மதகு திறக்கவில்லை என்று சொன்னேன் என்றாள். டெல்மா முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். தீர்ப்பில், இறந்தவர் போதையில் இருந்ததற்கு எந்த ஆதாரமும் இல்லை என்றும், எச்சரிக்கை அவரைச் சென்றடையவில்லை என்றும் எழுதினார்கள்.

வேய்ன் பிரிஸ்பேனுக்கே திரும்பிப் போனான். வாரியம் ஆற்றோரம் வெள்ள எச்சரிக்கைச் சங்குகள் நட்டது. மார்ஷியாவின் கடைக்கு வருகிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். எட்சோ வருகிறார், ஆற்றோடு போன டிராக்டரைப் பற்றிக் குத்திக் காட்டாமல் போவதில்லை. டெல்மா தெருவில் அவளைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறாள்.

மாதத்தின் முதல் திங்கட்கிழமை வாரியத்தின் பெயரில் நூற்று நாற்பத்து மூன்று பேருக்கும் மார்ஷியா ஒரு சோதனைக் கடிதம் அனுப்புகிறாள். கிடைத்தது என்று அவர்கள் பதில் எழுத வேண்டும். மதியத்துக்குள் எழுதாதவர்களைப் போனில் கூப்பிடுகிறாள். லெஸ்டரின் முகவரி இன்னும் பட்டியலில் இருக்கிறது. அதை எடுக்கலாமா என்று டெல்மாவிடம் கேட்க வேண்டும்; கேட்கப் போவதாக ஒவ்வொரு மாதமும் நினைத்துக்கொள்கிறாள். அவனுக்குப் போகிற கடிதத்தை இப்போது அவனுடைய அஞ்சல் சர்வர் முதல் நிமிஷத்திலேயே வாங்கிக்கொள்கிறது. அந்த ஒரு எண்ணை மட்டும் அவள் கூப்பிடுவதில்லை.